கோப்பு எண் 0038

உலான்பாத்தரில் சனவரி.
கேமராவுக்கு மூன்று பேட்டரி. மூன்றும் என் அக்குளில்.
குளிரில் விட்டால் பத்தே நிமிடத்தில் செத்துப்போகும் என்று
எனெரல் எங்கோ படித்திருந்தாள்.
இயக்கம் அவள். கேமரா தெமூலன்.
எனக்கு ஒலி, பேட்டரிக்குச் சூடு,
பனியில் சறுக்கும் முக்காலிக்குக் காலால் முட்டுக்கொடுப்பது.

பத்தாம் வகுப்புச் செயல்திட்டம், பன்னிரண்டு நிமிட ஆவணப்படம்.
குன்றின்மேல் இருக்கும் கூடார வீடுகளுக்குத்
தண்ணீர் விற்கும் சாவடி.
ஒரு ஜன்னல், ஒரு குழாய்,
உள்ளே தவாசுரேன் அக்கா.

நுழைந்ததும் லென்ஸ் வியர்த்தது.
துடைக்காதே, தானாகத் தெளியட்டும் என்றான் தெமூலன்.
காத்திருந்த நேரத்தில் உப்புப் போட்ட பால்தேநீரை
மூன்று கிண்ணத்தில் ஊற்றி,
என் மூக்கு சிவந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.
அதை எடுத்திருக்க வேண்டும்.

தெளிந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.
அடையாள அட்டைக்கு உட்காரும் முகம்.
"கஷ்டம் ஒன்றுமில்லை. ஜனங்கள் நல்லவர்கள்.
வீட்டுக்காரருக்குக் கொரியாவில் வேலை,
மாதாமாதம் பணம் வரும்."
எனெரல் கட்டைவிரலை உயர்த்தினாள்.
கடைசிப் பேருந்துக்கு ஓடினோம்.

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது:
காலரில் குத்திய ஒலிவாங்கி அவரிடமே இருக்கிறது.
கோட்டுப் பையில் பதிவுக் கருவி
தன் உயிர் தீரும்வரை ஓடியிருந்தது.

மறுநாள் பள்ளிக் கணினியில் ஏற்றினேன்.
கேனில் தண்ணீர் விழும்போது முட்புதர்.
யாரும் வராதபோது ஒரே கோடு.
நாற்பத்தோராம் நிமிடத்தில் தொலைபேசியில் யாரிடமோ:
"பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள்.
கொரியா என்று சொல்லிவைத்தேன்.
பின்னே? நாலு வருஷமாய் ஒரு அழைப்புகூட இல்லை என்று
கேமராவைப் பார்த்தா சொல்வது?"
பிறகு ஒரு சிரிப்பு.
திரையில் அது சின்னப் புதராகத்தான் தெரிந்தது.

"இதுதான்டா படம்" என்றான் தெமூலன்.
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே என்றார் ஆசிரியர்.
எனெரல் ஒன்றும் சொல்லவில்லை,
அதற்குள் மூன்று இடத்தில் நகலெடுத்திருந்தாள்.

இரண்டு இரவு உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன்.
கறுப்புத் திரை, அதன்மேல் அந்தக் குரல்,
கீழே வெள்ளை எழுத்தில் வசனம்.
நன்றாக வந்திருந்தது.
அதுதான் உறுத்தியது.

சனிக்கிழமை, மடிக்கணினியைக் கோட்டுக்குள் கட்டிக்கொண்டு
மீண்டும் அதே பேருந்து.
ஹெட்போனுக்காகத் தவாசுரேன் அக்கா தொப்பியைக் கழற்றினார்.
நரைத்து, தலையோடு ஒட்டிய முடி.
முழுவதையும் கேட்டார்.
நடுவில் வந்தவர்களுக்குத் தண்ணீர் பிடித்தார்,
கம்பி எட்டும் தூரம்வரை போய்த் திரும்பினார்.
அவர் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை,
சுவரில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலைப்
பலமுறை படித்தோம்.

"இதை அழித்துவிடுங்கள்.
கொரியாவையும் எடுத்துவிடுங்கள்.
ஆனால் இங்கே," திரையைத் தொட்டார்,
"குழாயை மூடுகிறேன் இல்லையா?
தினமும் பாதி மேடு ஏறியதும் சந்தேகம் வரும்,
மூடினோமா என்று. திரும்பி வந்து பார்ப்பேன்.
இதை மட்டும் வையுங்கள்."

மூன்று நகலுக்கும் கணினி தனித்தனியாகக் கேட்டது:
நிச்சயமாக அழிக்கவா?
இரண்டை எனெரல் அழுத்தினாள்.
மூன்றாவதற்கு மவுஸை என் பக்கம் தள்ளினாள்.

பன்னிரண்டு நிமிடம் பத்தாகச் சுருங்கியது.
ஆசிரியரின் குறிப்பு:
"மையப் பாத்திரத்தின் வாழ்க்கை பிடிபடவில்லை. ஒலி நன்று."

திரையிடலுக்கு அவர் வந்திருந்தார்.
கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் இருந்தார்.
முடிவில் உறைபனி மூடிய ஜன்னல் மட்டும், ஒன்பது விநாடி.
திருகும் கிறீச்.
இன்னொரு கிறீச்.
ஒரு சொட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
மூன்றாவது வரவில்லை.

பக்கத்தில் யாரோ ஒரு மாணவனின் அப்பா.
அவரை முழங்கையால் இடித்து,
"மூடிவிட்டேன்" என்றார்.