அஞ்சு நாற்பது, நாவற்குழிப் பாலம்

சாமான் கோச்சிக்கு நேர அட்டவணை இல்லை.
சனம் ஏறாத வண்டிக்கு ஆர் நேரம் எழுதுவினம்?
என்ர கொப்பியிலை மட்டும் இருக்கு:
மாசி பன்னிரண்டு, நாலேகால், எண்ணெய்த் தாங்கி ஒன்பது.
பங்குனி மூன்று, வரேல்லை.
பங்குனி நாலு, வந்தது;
நான் தேத்தண்ணிக்குப் போயிருந்தன்.

காலமை வெளிக்கிடுற வண்டிக்கு முகத்திலை வெயில்.
பின்னேரம் வாறதுக்கும் அப்பிடித்தான்.
மற்ற நேரமெல்லாம்
கறுத்த பெட்டி, வெளிறின வானம்.

கடவைக் காவலாளி இராசநேசன்
மிஸ்ட் கோல் அடிக்கிறன் எண்டவர்.
அடிக்கிறவர்தான்,
வண்டி போனாப்பிறகு.

பாலத்துக்குக் கீழை இறால் பிடிக்கிற
செபமாலைதான் சரியான ஆள்.
முழங்கால் தண்ணியிலை நிண்டு
"தூண் அதிருது" எண்டார் இண்டைக்கு.

கடலேரி அசையாமல் கிடந்தது.
முதல் தாங்கி தலைகீழாய் விழப்போற இடத்தைக்
கண்ணாலை குறிச்சு வைச்சன்.

வந்தது.
அந்த இடத்திலைதான்
செபமாலை வலையை உதறினார்.
ஒன்பது தாங்கியும்
வட்டம் வட்டமாய் உடைஞ்சு கரைக்கு வந்தது.

"எடுத்திட்டியோ தம்பி?"
"ஓம்."

கடைசிப் பெட்டியிலை நிண்ட கார்ட்
கை காட்டினார்,
எனக்கில்லை.