பதினேழாம் இலக்கம்

"பதினேழு, எங்கே நிற்கிறாய்?"
என்று அவள் பாட,
மைதானம் நிறைந்த ஐம்பது வயதுக்காரர்கள்
கைபேசி வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்து அழுகிறார்கள்.
தொலைந்துபோன பதினேழு வயதாம்.

வயதில்லை ஐயா. வண்டி இலக்கம்.

ஹாமில்டனில், பார்ட்டன் தெருவில்
பழுதான கார்களை இழுத்துவரும் கம்பெனி.
ரேடியோ மேசையில் இரவு வேலைக்கு டெல்லா மக்ரூரி,
மடியில் கிட்டார், பக்கத்தில் ஆறிய சூப்.
பதினேழை ஓட்டியவன் நான்.
குணபாலசிங்கம் என்ற பெயர் அவள் வாயில்
ஒருநாளும் முழுசாக வந்ததில்லை.

ஐஸ் மழை கொட்டிய இரவு. நெடுஞ்சாலை ஓரம்
ஒன்றுக்குப் போக இறங்கினேன்.
கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.
என்ஜின் ஓடுகிறது, ஹீட்டர் ஓடுகிறது,
கண்ணாடிக்கு உள்ளே அவள் குரல்:
பதினேழு, எங்கே நிற்கிறாய்?
பதினேழு.
மூன்றாம் முறை கோபம். பதினோராம் முறை
குரல் உடைந்தது. உடைந்த இடத்தில்
ஒரு மெட்டு.

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.
கண்ணாடியில் மூச்சுதான் படிந்தது.
பத்தொன்பதாவது நிமிடம்
சங்கிலிக் கொக்கியால் அடித்து உடைத்தேன்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

அப்பாவைப் பற்றிய பாட்டு என்கிறாள் பேட்டியில்.
இருக்கலாம். அவரும் எங்கோ
பூட்டிய கதவுக்கு வெளியே நின்றிருப்பார்.

நேற்று கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்க
கூரையிலிருந்து கூப்பிட்டாள்.
"இஞ்சதான் நிக்கிறன்" என்றேன், வாய்விட்டு.
பக்கத்தில் நின்ற பெண்
தன் தள்ளுவண்டியைச் சற்று ஒதுக்கி
எனக்கு வழி விட்டாள்.