குறிப்பேட்டில் ஏறாதவை

கூட்டம் தொடங்கியபோது மணி ஒன்பது இருபது.
ஒன்பது என்று எழுதினேன்.
மே மாதம். தென்தீவின் இந்த மூலையில் அது பனிக்காலத்தின் வாசல்.
மண்டபத்தில் ஒரே ஹீட்டர்,
அதுவும் தலைவரின் முழங்காலுக்கு மட்டும் வேலை செய்தது.
ஏழு உறுப்பினர்கள், இருபத்து மூன்று திட்டங்கள்,
எட்டுக்கே போதாத பணம்.

எனக்கு வாக்கில்லை.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
தேநீருக்கு எப்போது கலைந்தார்கள்,
அவ்வளவுதான் என் பாடு.
பதினோரு வருஷமாக இந்த வட்டாரத்துச் சாலைகள்
என் விரல் வழியாகத்தான் போகின்றன.
ஒன்றைக்கூட நான் திருப்பிவிட்டதில்லை.

கணக்கு இது:
ஒரு டாலர் தாருக்கு வெலிங்டன் ஐம்பத்தைந்து காசு தரும்.
மீதியை ஊர் தன் வீட்டுவரியில் தேட வேண்டும்.
வீடு குறைந்த ஊரில் வரி குறைவு,
வரி குறைந்தால் மீதி இல்லை,
மீதி இல்லையென்றால் அந்த ஐம்பத்தைந்தும் இல்லை.
இல்லாதவன் முதலில் இருப்பதாகக் காட்ட வேண்டும்.

பதினாறாவது திட்டம்,
கோராவை ஆற்றின் ஒற்றைத்தடப் பாலம்.
மரத்தளம். ஒரு நேரத்தில் ஒரு வண்டி.
ஆலோசகர் மதிப்பெண்ணைத் திரையில் போட்டார்.
பாதுகாப்பு: நூற்றுக்குப் பன்னிரண்டு.
பத்து வருஷத்தில் அங்கே சாவு இல்லையாம்,
கை முறிந்தவர்கூட இல்லையாம்.
பெல்லமி வளைவுக்கு எண்பத்து நான்கு.
அங்கே வேலியோரம் மூன்று வெள்ளைச் சிலுவைகள்.

பொதுமக்களுக்கு ஐந்து நிமிடம்.
பால் டேங்கர் ஓட்டும் மைரங்கி டிப்போகி எழுந்தாள்.
தொப்பியைக் கழற்றவில்லை.
"பள்ளிப் பேருந்து எதிரே தெரிந்தால்
நாற்பது டன்னை மேட்டிலேயே நிறுத்திக்கொள்கிறேன்.
அவன் விளக்கைச் சிமிட்டுவான், நானும் சிமிட்டுவேன்.
இப்படித்தான் ஒருத்தரும் சாகாமல் பார்த்துக்கொள்கிறோம்.
சரி, எத்தனை பேர் வேண்டும் என்று சொல்லுங்கள்,
ஏற்பாடு செய்கிறோம்."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்.
நான் எழுதினேன்:
பாலம் குறித்துத் திருமதி டிப்போகி கருத்துத் தெரிவித்தார்.

பிறகு விவாதம்.
கிராம்பிக்கு நகரத்தில் ரவுண்டானா வேண்டும்,
நாற்பது லட்சம் டாலர், நடுவில் பூச்செடியோடு.
ஃபென்விக்குக்குச் சைக்கிள் பாதை.
லொரேன் ஓக்டென்
தன் வீட்டு வாசல் வழியே போகும் சாலை வந்தபோது
விதிப்படி எழுந்து வெளியே போனார்,
கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று
எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியவர்கள்.
ஆற்றின் மேல் போட
எத்தனை முறை அளப்பது?
முடிவில் பாலத்துக்கு நிதி ஒதுக்கினார்கள்,
தொண்ணூறாயிரம்,
விரிவான ஆய்வுக்கு.
ஒரு மஞ்சள் பலகைக்குத் தனியாக நானூறு.

ஐந்தரைக்கு நான் பாலத்தை அடைந்தபோது இருட்டிவிட்டது.
அந்தக் கரையில் ஒரு டேங்கர்.
விளக்கைச் சிமிட்டியது: நீ வா.
நானும் சிமிட்டினேன்: இல்லை, நீ.
கொஞ்ச நேரம் இரண்டு பேருமே நின்றோம்,
நடுவில் ஆறு மட்டும்
யாருக்கும் வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது.
பிறகு நான் கிளம்பினேன்.
நான்காவது பலகை எப்போதும்போல் இருமியது.
கடக்கையில் கைதூக்கியது மைரங்கியா, வேறு யாரோ,
கண்ணாடியில் என் விளக்குதான் தெரிந்தது.

மறுநாள் காலை
"கருத்துத் தெரிவித்தார்" என்பதை அடித்தேன்.
அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் தட்டினேன்,
"ஏற்பாடு செய்கிறோம்" வரை.

ஜூன் கூட்டம்.
சென்ற கூட்டத்தின் குறிப்புகள் சரிதானா என்று
வழக்கம்போலத் தலைவர் கேட்டார்.
வழக்கம்போலக் கைகள் உயர்ந்தன.
எண்ணினேன். ஆறு.
கிராம்பி இன்னும் படித்துக்கொண்டிருந்தார்.