குர்லாவில் உடைந்த நகம்

ஹார்பர் லைனில்
இடது கையால் மட்டும்தான் தொங்குவேன்.
வலது கை துப்பட்டாவுக்குள்.
"பாலிஷும் போடறதில்ல, எதுக்குடி வளக்குற?"
என்பாள் ஆபீஸில் சுகிர்தா.
பதில் சொன்னால் ஸ்பெயினிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று குர்லாவில்
இறங்குகிறவளின் டிபன் பை
மோதிர விரல் நகத்தைக் கொண்டுபோய்விட்டது.

செம்பூர், ஒன்பதே முக்கால்.
ஃபெவிக்விக் ஒரு சொட்டு,
டீ பையின் காகிதம் ஒரு துணுக்கு.
ஊதி ஊதிக் காயவைத்துக்
கிட்டாரை எடுக்கிறேன்.

ஃபாண்டாங்கோ.
பாட்டுக்கு ஆறு அடி.
ஐந்தும் வெயிலில் நடக்கும்.
கடைசி அடி மட்டும்
எஃப் கார்டிலிருந்து ஈ-க்கு இறங்கும்.
அரைச் சுரம்தான்.
கரண்ட் போன மாடிப்படியில்
இன்னும் ஒரு படி இருக்கும் என்று
வைத்த கால் மாதிரி
வயிற்றுக்குள் திக்கென்னும்.

"நடுநடுவுல ஏன் நிறுத்துற?"
கட்டிலில் மொபைலோடு மிருண்மயி,
பாதி வாடகை அவளுடையது.
"நிறுத்தல. அங்க ஒருத்தர் பாடணும்.
மூச்சு முடியிற வரைக்கும் காத்திருக்கணும்."
"யாரு?"
"யாரும் இல்ல."

மறுபடி வாசிக்கிறேன்,
இல்லாத குரலுக்கு அடியில்
பாய் விரிக்கிற மாதிரி.
மூன்றாம் அடியில் மொபைல் வெளிச்சம் அணைகிறது.
ஐந்தாவதில் கீழே
மெடிக்கல் ஷாப் ஷட்டர் விழுகிறது,
தாளத்துக்கு வெளியே.
ஆறாவதில் இறங்குகிறேன்.
ஒட்டுப்போட்ட நகம்
கம்பியாய் ஒலிக்கவில்லை, கட்டையாய் ஒலிக்கிறது.
நாளைக்கு அரத்தால் தேய்க்க வேண்டும்.

கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும்.
பிறகு இருட்டிலிருந்து மிருண்மயி:

"அந்த ஆள் முடிச்சாச்சா?
சரி,
அடுத்தவர வரச்சொல்லு."