முதல் மூட்டையின் பெயர்

மூணு வயது முடிந்து நாலு மாதம்.
நிதர்சனா கை காட்டுவாள், சட்டையை இழுப்பாள்,
பசித்தால் குண்டானைத் தட்டுவாள்.
சொல் மட்டும் வராது.
காது நல்லாத்தான் கேக்குது என்று
திருவாரூர் பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதி
மாடிக்கு அனுப்பினார்கள்.

மாடியில் ஜெசிந்தா மேடம்.
வேளாங்கண்ணிப் பக்கம். மெதுவாகப் பேசுபவர்.
"பாடுங்க. கதை சொல்லுங்க.
கடைசிச் சொல்லுக்கு முன்னாடி நிறுத்திடுங்க.
மனசுக்குள்ள பத்து எண்ணுங்க.
அந்த இடம் அவளுக்கு. நீங்க உக்காரக் கூடாது."

எனக்கு என்ன பாட்டுத் தெரியும்?
கொரடாச்சேரிக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன் நான்.
வாய் திறந்தால் எண்ணிக்கை.
எங்கள் களத்தில் ஒன்று என்று ஓர் எண்ணே கிடையாது.
முதல் மூட்டை லாபம்.
பிறகுதான் ரெண்டு, பிறகுதான் மூணு.
யார் ஆரம்பித்தார்களோ,
இன்னும் யாரும் மாற்றவில்லை.

அதையே பாடினேன்.
பவுன்ராணி எவர்சில்வர் தட்டில் தாளம் போட்டாள்.
லாபம் ஒரு மூட்ட, லாரியில ஏறுச்சாம்
ரெண்டாம் மூட்ட, ரோட்டுல உருண்டுச்சாம்
மூணாம் மூட்ட ஈரம்,
பதினெட்டு சதவீதம்,
திரும்பிப் போன்னு சொன்னாக்க
உள்ளேர்ந்து ஒரு தவள சொல்லுச்சாம்...

நிறுத்தினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாற்பது கிலோவைத் தோளில் வைத்துப்
பலகை ஏறியிருக்கிறேன் முப்பது முறை ஒரே மூச்சில்.
இந்தப் பத்து ஏற முடியவில்லை.
ஏழிலேயே நான் கத்திவிட்டேன்: கொர்ர்ர்.
பவுன்ராணி தட்டால் என் முழங்காலில் ஒரு தட்டு:
"அது ஒங்க எடமா?"

நாற்பது ராத்திரி.
தவளைக்குப் பெயர் வந்தது, மாமியார் வந்தாள்,
வெண்ணாற்றில் வெள்ளம் வந்தது,
ஒரு சூப்பர்வைசர்கூட வந்து போனார்.
மகள் என் உதட்டையே பார்த்திருப்பாள்,
கடையில் ஷட்டர் திறக்கக் காத்திருப்பவள் மாதிரி.
பத்து எண்ணி முடிப்பேன்.
கூரைக்கு மேலே நிஜத் தவளைகள்
மழையில் பதில் சொல்லும்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள்
தார்ப்பாய் போதவில்லை.
அடுக்கின் அடியில் நெல் முளைத்து
சாக்கின் இழைக்கு வெளியே பச்சையாய் நீட்டியது.
பவுன்ராணி நடவுக்குப் போயிருந்தாள்.
குழந்தையைக் களத்துக்குக் கூட்டிவந்து
காலிச் சாக்குக் குவியலில் உட்காரவைத்திருந்தேன்.
விவசாயிகள் குத்துக்காலிட்டு இருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை.
நனைந்த மூட்டையைக் குனிந்து தூக்கினேன்.
எண்ண வாய் வரவில்லை.
எதை எண்ண?

குவியலின் மேலிருந்து ஒரு குரல்:
"லாபம்."

தூக்கியதை இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை.
சாக்கிலிருந்து தண்ணீர் என் முதுகில் ஓடியது.
கோவில்வெண்ணியிலிருந்து நெல் கொண்டுவந்த மனிதர்
முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.
"நீ ஒருத்தியாவது சொன்னியேம்மா" என்றார்.
அவர் அழுததும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மேடம் அட்டையை நீட்டினார்.
ஒரு வாத்து.
"எத்தனை?"
"லாபம்."
மேடம் என்னைப் பார்த்தார். சொன்னேன், களத்து வழக்கம்.
பேனாவை எடுத்தார், வைத்தார்,
"தப்புன்னு எப்படிப் போடுறது" என்று
தனக்கே சொல்லிக்கொண்டார்.

இரண்டு வாத்து. "எண்டு."
நாக்கில் இன்னும் முதல் எழுத்து ஏறவில்லை.
திருத்த வாயெடுத்தேன்.
மேடம் கண்ணால் உட்காரச் சொன்னார்.

மூன்று வாத்து.
நிதர்சனா அட்டையைப் பார்த்தாள்.
மேடம் காத்திருந்தார்.
இந்தத் தடவை நானும்,
எட்டு, ஒன்பது,

மகள் கழுத்தைச் சுருக்கி, கன்னத்தை உப்பி,
ஆஸ்பத்திரி மாடி முழுக்கக் கேட்க
"கொர்ர்ர்ர்" என்றாள்.