மின்னலுக்கு வாரண்டி இல்லை

தாயின் முழுப் பெயர் என்ற இடத்தில்
'மூக்' வரை தட்டியிருந்தேன்.
கொட்டகலைப் பக்கம் வானம் ஒரு வெட்டு வெட்டியது.
திரை கறுத்தது.
மிச்சமிருந்த 'காயி' என் விரலிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் இஃப்லால் அதைக் குப்புறப் போட்டு
பதினொரு ஆணி கழற்றினான்.
பச்சைத் தகட்டில் வெள்ளைப் பூஞ்சணம்,
செத்த எறும்பு இரண்டு, என் தலைமுடி ஒன்று.
ஏழு வருஷம் ஹட்டன் பனியை
என்னோடு சேர்ந்து அதுவும்தான் குடித்திருக்கிறது.
"போர்ட் முடிஞ்சு போச்சு அக்கா.
டிஸ்க் உசுரோட இருக்கு."
இவ்வளவு தெளிவாக எந்த டொக்டரும்
என்னிடம் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை திலகேஸ்வரிக்குப் பாஸ்போர்ட் ஆபீஸ்.
பிறப்புச் சான்றிதழில் அவள் அம்மா முக்கை,
கல்யாணப் பதிவில் மூக்கம்மா,
ஆஸ்பத்திரித் துண்டில் முகாயி.
எந்தக் கிளாக்கர் காதில் எப்படி விழுந்தாளோ.
பிழையைப் பிழையாகவே மொழிபெயர்ப்பது என் தொழில்.
சரியான பெயர் வரக்கூடிய ஒரே இடம்
சத்தியக் கடதாசி.
அங்கேதான் கரண்ட் போனது.

சீட்டுக் காசு தொண்ணூறாயிரம் கைப்பைக்குள்.
பஸ் ஸ்டாண்ட் எதிர்க் கடைப் பையன்
வெள்ளி நிறத்தில் ஒன்றை இரண்டு விரலால் தூக்கினான்.
"பேப்பர் மாதிரி அக்கா."
இந்த ஊர் ஜூன் மாதத்தில்
பேப்பர் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்துக் கடையில்
சாவிகளுக்கு அடியில் வெசாக் தோரணம் எரிந்தது.
அதற்கடுத்த கடையில் தவணை, இருபத்துநாலு மாதம்.
அதுவரைக்கும் ஊரில்
பிறப்பும் கல்யாணமும் தவறாமல் நடக்க வேண்டும்.

இஃப்லாலிடமே திரும்பி வந்தேன்.
மேசைக்கடியிலிருந்து ஒன்றை இழுத்தான்.
கறுப்பு. நல்ல கனம். ரெண்டாங்கை.
எந்த நாட்டு ஆபீஸோ, மூடியில் ஒட்டிய நம்பரைச்
சுரண்டிச் சுரண்டியும் 417 மட்டும் போகவில்லை.

வேகம் கேட்கவில்லை நான்.
"பின்பக்கம் திறக்கலாமா?"
"ஏழு ஆணி."
"பேட்டரி?"
கழற்றிக் காட்டினான்.
"தேத்தண்ணி கொட்டினா?"
"கீழ ஓட்டை இருக்கு, வடிஞ்சிரும்."
"வாரண்டி?"
"ஆறு மாசம்."
"மின்னலுக்கு?"
சிரித்தான்.
"அத யாருக்கு யார் குடுக்கிறது அக்கா."

எழுபத்தெட்டாயிரம்.
மிச்சக் காசில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒரு தாள்.

இரவு ஒவ்வொரு சாவியாக ஒட்டினேன்.
'ழ' கோணிக்கொண்டது. இருக்கட்டும்.
பழைய டிஸ்க்கை ஒரு வயரில் கோத்தேன்.
கிர்ரென்று செருமியது.
ஆயிரத்து எண்ணூறு பேர்
பிறந்த தேதியோடு எழுந்து வந்தார்கள்.
கடைசியில் 'மூக்',
விட்ட இடத்திலேயே.

மலைக்கு அந்தப் பக்கம் மறுபடி உறுமல்.
ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.
பேட்டரி ஒரு மணி நாற்பது நிமிஷம் என்றது.

'காயி' என்று தட்டினேன்.
சேவ் கொடுத்தேன்.
இன்னொரு தரமும் கொடுத்தேன்.