மாதாந்திர பாஸ்

கன்னிகாபுரம் மைதானத்துக்கு
இப்போது ஒரு ஆப் இருக்கிறது.
எழுநூறு கட்டியவன் நான்.
மணலி ஷிஃப்ட் முடிந்து
பூட்ஸைத் தோளில் மாட்டி வந்தால்
ஐந்து கேட்டில் நான்கு பூட்டு.
ஐந்தாவதில் வரிசை,
லாரித் தண்ணிக்கு நிற்பது போல.

பாதிப் புல்லின் மேல் தார்ப்பாய்:
பராமரிப்பாம். தீபாவளிக்கு முன்பிருந்தே.
மிச்சப் பாதியில் நாற்பது பேர்,
யார் எந்த டீம் என்று
பந்துக்கே தெரியாது.
பைக் நிறுத்த இருபது ரூபாய்.

"அந்தப் பக்கம் லைட்டாவது போடேன் சார்"
கெஜபதி கேட்டான்.
மேனேஜர் போனைக் காட்டினார்.
சிஸ்டத்தில் மழை என்று இருக்கிறதாம்.
எங்கேயோ ஹெட் ஆபீஸில் பெய்கிற மழை.
நாங்கள் அண்ணாந்து பார்த்தோம்.
ஆர்.கே. நகர் பக்கம்
முழு நிலா,
துடைத்துவிட்ட தட்டு மாதிரி.

பெனால்ட்டி பாக்ஸின் இடது மூலையில்
ஒரு சாண் பள்ளம்.
உருண்டு வரும் பந்தை
சட்டைக் காலரைப் பிடித்ததுபோல்
ஓரமாய் இழுக்கும்.
கோலிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.
பிளாஸ்டிக் புல் போர்த்தி
ரிப்பன் வெட்டினார்கள்.
அடியில் அது இன்னும் இழுக்கிறது.

ஒண்ணாம் தேதி எண்ணூற்றைம்பது ஆக்கினார்கள்.
கட்டிவிட்டேன்.
"வெட்கம் கெட்டவனே" என்று
டீக்கடை வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தான் கெஜபதி.
சில்லறைக்குப் பர்ஸைப் பிரித்தபோது
எட்டிப் பார்த்தது
அவனுடைய புது பாஸ்.